மாம்பலத்தில் ஏரி எங்கே?

இரண்டு இதழ்களுக்கு முன்பு நம் கேள்வி - பதில் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: ‘மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க முதல் தடவையாகச் சென்னை தியாகராய நகருக்குப் போகிறோம். நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். எப்படிப் போவது, எங்கே இறங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?’ பூச்சிக்கும் உரத்துக்கும் மானியத்துக்கும் வந்த கேள்விகளுக்கு நடுவில் இந்தக் கேள்வியைப் படித்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள். “நம்ம கதைய எழுதிப் போடுங்க. அந்தம்மாவுக்கு உதவும்” என்றாள்.

செஞ்சிக்கு மேற்கே எங்கள் கிராமம். இரண்டரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். மல்லாட்டை, நெல், ஓரமாக 20 சென்ட் குண்டுமல்லி. நாங்கள் போனது 2024 ஆவணி மாதம். ஐப்பசியில் பையனுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, லீவு கிடைக்கவில்லை. “பொண்ணுக்கு மாம்பழக் கலர், அரக்கு பார்டர் பிடிக்குமாம்” என்று போனில் சொன்னதோடு சரி. செஞ்சி கமிட்டியில் மல்லாட்டை போட்டு வந்த பணத்தில் நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம்.

சென்னைக்கு நான் போனதே இல்லையா என்றால், இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை சங்க ஊர்வலத்துக்கு வேனில். ஒரு முறை அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் ஆம்புலன்ஸில். இரண்டு முறையும் கூட்டிப் போனவர்களே கூட்டி வந்துவிட்டார்கள். நாமே வழி கேட்டுப் போவது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏரி இருக்கும் என்ற தைரியம்

என் மனைவியின் அக்கா மகன் மேற்கு மாம்பலத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். “சித்தப்பா, நான் லீவு போட்டுட்டு கிளாம்பாக்கத்துக்கே வந்துடறேன்” என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற எண்ணம். ‘எங்களுக்கு வழி தெரியாதா’ என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது. முகவரியைச் சொன்னான்: மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோட்டை ஒட்டின தெரு. லேக் வியூ என்றால் என்னப்பா என்று கேட்டேன். “ஏரி தெரியற ரோடுன்னு அர்த்தம் சித்தப்பா” என்றான்.

எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நம் ஊரில் யாராவது வழி கேட்டால் என்ன சொல்கிறோம்? ஏரிக்கரை மேலே வா, கோடி மதகு தாண்டினதும் இடது பக்கம் இறங்கு என்கிறோம். ஏரி இருக்கிற ஊரில் ஆள் தொலைய முடியாது. ஏரி எங்கே என்று கேட்டுக் கரையைப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை 4 மணிக்குச் செஞ்சியில் பஸ் ஏறினோம். பணத்தில் 25,000 என் பட்டாப்பட்டி டிராயர் பையில், 15,000 அவளுடைய சுருக்குப்பையில். கட்டுச்சோறும் மாற்றுத்துணியும் ஒரு பையில். ஏழரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் நம் பக்கத்துப் பஸ்கள் கோயம்பேடு வரை போகும். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்கள் வண்டலூரை ஒட்டிய அங்கேயே நின்றுவிடுகின்றன. சென்னை வந்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னாலும் தியாகராய நகர் அங்கிருந்து இன்னும் வெகுதூரம். இது தெரியாமல் இறங்கியதும் ஆட்டோ பேசினால் பணம் கரைந்துவிடும்.

அந்த முனையம் பெரிது. வெளியூர்ப் பஸ் ஒரு பக்கம், மாநகரப் பஸ் ஒரு பக்கம். காக்கிச்சட்டை போட்ட ஒருவரிடம் கேட்டேன். “தி.நகருக்கு நேர் பஸ்ஸும் இருக்கு. ஆனா இந்த நேரத்துல ரோட்ல நின்னு நின்னுதான் போகும். தாம்பரம் போயி எலெக்ட்ரிக் டிரெயின் ஏறுங்க, மாம்பலத்துல இறங்குங்க” என்றார். தாம்பரம் பஸ்ஸில் முன்புறம் பிங்க் கலர் அடித்திருந்தது. நம் ஊர் டவுன் பஸ் மாதிரியே அதிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு மட்டும் காசு கொடுத்தேன். “மெட்ராஸ்லயும் எனக்கு டிக்கெட் இல்ல பாத்தீங்களா” என்று அவளுக்குப் பெருமை.

பத்து விரல் கணக்கு

தாம்பரம் ஸ்டேஷனில் அவள் கேட்ட முதல் கேள்வி: “மாம்பலம் வந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. அந்த நேரத்துக்கு ஆபீஸ் போகிற கூட்டம். உள்ளே போய்விட்டால் வெளியே இருக்கும் போர்டு தெரியாது. வரிசையில் பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் சொன்னான்: “பீச் போற வண்டியில ஏறுங்க. செங்கல்பட்டு போறதுல ஏறிடாதீங்க. தாம்பரத்த விட்டுட்டு எண்ணுங்க, பத்தாவது ஸ்டேஷன் மாம்பலம்.”

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நடவுக்கு ஆள் எண்ணுவதிலும் பூ மூட்டைக் கணக்கிலும் தப்பு வராது. வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினாள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று ஒரு கை முடிந்தது. பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. கிண்டி தாண்டி ஒரு ஆற்றுப்பாலம் வந்தது, அடையாறு என்றார்கள். பிறகு சைதாப்பேட்டை. அங்கே வண்டி கிளம்பியதுமே, “இனிமே நம்முது. வாசப்பக்கம் நகருங்க” என்று என்னைத் தள்ளினாள். அந்தக் கூட்டத்தில் முன்கூட்டியே வாசலுக்கு வராவிட்டால் இறங்க முடிந்திருக்காது. கூட வந்த படித்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் விரலைப் பார்த்துக்கொண்டு சரியான இடத்தில் இறங்கினோம்.

மாம்பலம் ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம் வாசல். கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு, தியாகராய நகர் கடைவீதி. மேற்கே இறங்கினால் மேற்கு மாம்பலம், வீடுகள் நிறைந்த பக்கம். பையை ரூமில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று மேற்கே இறங்கினோம்.

டீக்கடையில் கேட்டேன்: “ஐயா, ஏரி எந்தப் பக்கம்?” “எந்த ஏரி? போரூர் ஏரியா? அதுக்கு பஸ் ஏறணும்” என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்: “ஏரி எங்கப்பா இருக்கு?” “எந்த ஏரியாண்ணே?” என்றார் டிரைவர். “ஏரியாதாம்பா கேக்கறேன்.” “அதான் எந்த ஏரியா?” இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். பக்கத்தில் தள்ளுவண்டியில் கீரை வைத்திருந்த அம்மா என் கையில் இருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். “லேக் வியூ ரோடா? நேராப் போய் யாரையாவது கேளுங்க, பத்துப் பதினைஞ்சு நிமிஷ நடை. ஏரியெல்லாம் இல்ல சாமி. எங்க மாமியா காலத்துலயே இல்ல.”

ஏரி இல்லாத ஊரில் ஏரியை வழியடையாளமாக நம்பி வந்திருக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நடுங்கியது. அக்கா மகன் எழுதித் தந்த சீட்டு இல்லையென்றால் வாய் வார்த்தையில் ஏரியையே கேட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

ரங்கநாதன் தெரு

ரூம் சாவியை வீட்டுக்காரப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பையை வைத்து, கட்டுச்சோறு தின்று, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கினோம். இறங்கின இடத்திலேயே ஒரு பூக்காரம்மா கூப்பிட்டார்: “வாக்கா, மல்லி பாரு, இப்ப கட்டினது.” என் மனைவி நின்று பூவைத் தொட்டுப் பார்த்தாள். “வரும்போது வாங்கலாம் வா” என்று இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு நிமிஷ நிற்றல்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

ரங்கநாதன் தெருவை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நீளம் பார்த்தால் நம் ஊர்த் தெரு நீளம்தான். ஆனால் செஞ்சி வாரச்சந்தைக் கூட்டத்தை நாலு மடங்காக்கி அந்தச் சந்துக்குள் ஊற்றினது மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் மாடி மாடியாகக் கடை. நடுவில் நடைபாதைக் கடை. நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நடத்திக்கொண்டு போய்விடும்.

ஒருவர் பலகையில் முட்டைக்கோஸை வைத்து ஒரு சின்னக் கருவியால் நூல் நூலாகச் சீவிக் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்கு ஆகுமே என்று நின்றேன். ஒரு நிமிஷம்தான். திரும்பினால் அவள் இல்லை.

முன்னால் பார்த்தேன். மெரூன் கலர் புடவை. அங்கே இருபது மெரூன் புடவை இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால்தான் போயிருப்பாள் என்று தெருக் கோடி வரைக்கும் இடித்துக்கொண்டு போனேன். தெரு முடிகிற இடத்தில் உஸ்மான் ரோடு. மேலே மேம்பாலம், கீழே வண்டி. இடது கைப்பக்கம் போனால் பனகல் பூங்கா, வலது கைப்பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு. எந்தப் பக்கம் போயிருப்பாள்? பனகல் பூங்கா வரைக்கும் ஓடினேன். அங்கே மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போனேன். திரும்பி வந்தேன்.

செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது. அவளிடம் போன் கிடையாது. ‘எனக்கெதுக்கு, நீங்கதான் இருக்கீங்களே’ என்று அவளும் சொன்னாள். அது சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். என் நம்பர் அவளுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் என் நம்பரைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. முகவரிச் சீட்டும் என் பையில்தான். யாராவது நல்ல மனுஷன் உதவ வந்தால்கூட அவள் யாருக்குப் போன் போடச் சொல்வாள், எங்கே கொண்டுபோய் விடச் சொல்வாள்? சுருக்குப்பையில் 15,000 ரூபாய் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பணம் நினைவுக்கு வரவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று பஸ்ஸிலேயே கேட்டிருந்தேன். “போற இடத்துல கக்கூஸ் எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்” என்றாள். தண்ணீரில்லாமல் அந்த வெயிலில் மயக்கம் போட்டு விழுந்திருந்தால்?

ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்ற வயதான காவலாளியிடம் சொன்னேன். பதற்றத்தில் வாய் குழறியது. அவர் அமைதியாகக் கேட்டார்: “எவ்வளவு நேரமாச்சு?” “முக்கா மணி நேரம் இருக்கும்.” “தீபாவளி சமயம்னா போலீஸ் மேடை போட்டு மைக்ல சொல்லுவாங்க. இப்ப அது இல்ல. போலீஸ்காரர் நிப்பாரு, அவர்கிட்ட சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. நீங்க தேடற மாதிரியே அவங்களும் உங்களத் தேடுவாங்கல்ல? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்ன இடம் எது?”

அப்போதுதான் உறைத்தது. நான் ‘முன்னால் போயிருப்பாள்’ என்றே தேடிக்கொண்டிருந்தேன். திருவிழாவில் குழந்தையைக் கூட்டிப் போகும்போது அவள் என்ன சொல்லுவாள்? ‘காணாமப் போனா முன்ன ஓடாத, வந்த வழியே திரும்பி நில்லு.’

ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். பூக்காரம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை. “எங்க போனீங்க? நீங்க காணாமப் போயிட்டீங்கன்னு இந்தக்காகிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்கேன்” என்றாள். நான் காணாமல் போனேனாம்! பூக்காரம்மா சொன்னார்: “அண்ணே, வந்தப்போ கை அப்படி நடுங்குச்சு. சும்மா உக்காந்தா அழுவ வரும், இந்தா கட்டுன்னு நாருங் குடுத்தேன். என்னவிட வேகமாக் கட்டுது.” பக்கத்துக் கடையில் சொல்லிக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்து, தண்ணீரும் வாங்கிக் கொடுத்திருந்தார் அந்தம்மா. உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி வந்து இருபது வருஷமாக அங்கேதான் கடை.

நான் பக்கத்தில் குந்திவிட்டேன். கால் ஓய்ந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் பூ வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிலோ கணக்கில் போடுகிறோம், அங்கே முழக் கணக்கு. “ஒரு கிலோவுக்கு எத்தனை முழம் கட்டுவ? அப்போ எங்களுக்குக் குடுக்கறது என்ன, நீ எடுக்கறது என்ன?” என்று இவள் கேட்டாள். “கோயம்பேட்டுல விடியறதுக்கு முன்ன எடுக்கணும்க்கா. வண்டிச் சத்தம், ஐஸு, நாரு, உக்கார்ற இடத்துக்குக் காசு. சாயங்காலம் மிஞ்சினது குப்பைக்குத்தான். மழ பேஞ்சா மொத்தமும் குப்ப” என்றார் அவர். நடுவில் யார் தின்கிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. செடியில் பூப்பறிக்கிறவளும் கட்டி விற்கிறவளும் பக்கத்தில் உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது இவள் இரண்டு முழம் வாங்கினாள். காசு வேண்டாம் என்றார் அந்தம்மா. வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மழை பெய்ததா என்று கேட்டவர்

அதற்கப்புறம் அவள் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. நானும் யாருக்காகவும் வெட்கப்படவில்லை.

பட்டுப் பிரிவில் விரித்த புடவைகளைப் பார்த்து எங்களுக்கு வாய் வரவில்லை. விலையைக் கேட்கவும் பயம், வேண்டாம் என்று எழவும் கூச்சம். விற்பனைக்கு நின்ற தம்பி எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “அங்க மழை பேஞ்சுதா அண்ணாச்சி?” என்றார். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். அப்பா மானாவாரியில் உளுந்து போடுகிறவர். மழை விசாரிக்கிற ஆள் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கூச்சம் போய்விட்டது. “தம்பி, எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு. இதுக்குள்ள காட்டுங்க” என்று சொல்லிவிட்டோம். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதற்குள்ளேயே காட்டினார். சுத்தப் பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மாம்பழக் கலரில் அரக்கு பார்டர், 14,500 ரூபாய். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று ஒரு மாதம் தூங்காமல் இருந்தவள் அதைக் கையில் எடுத்ததும், “இதுதான்” என்றாள். மற்ற ஜவுளியும் அங்கேயே முடிந்தது. பெரிய ஜவுளிக்கடைகளில் உள்ளேயே கழிவறை இருக்கிறது, கேட்டால் எந்த மாடி என்று சொல்கிறார்கள். இது தெரியாமல் காலையிலிருந்து தாகத்தோடு இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் பாண்டி பஜார் வரைக்கும் நடந்தோம். சர் தியாகராயா ரோட்டில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்திருக்கிறார்கள். உட்கார இருக்கைகளும் உண்டு. ஒரு பைசா கேட்காமல் அந்த ஊரில் உட்கார விட்ட இடம் அதுதான். திரும்பும்போது ரங்கநாதன் தெருவுக்குள் போகவே இல்லை. தி.நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாலம் இருக்கிறது. 2023இல் திறந்தது. கடைத்தெருக் கூட்டத்தில் சிக்காமல் மேலேயே நடந்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். காலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் முக்கால் மணி நேர நரகம் மிச்சமாகியிருக்கும்.

ஏரியின் கதை

ராத்திரி வீட்டுக்காரப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏரி தேடின கதையை அக்கா மகன் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. “நீங்க தப்பாக் கேக்கலை. நூறு வருஷம் லேட்டா வந்துட்டீங்க” என்றார்.

அங்கே உண்மையிலேயே பெரிய ஏரி இருந்ததாம். மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று நீளமாகப் படுத்திருந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க், அதாவது நீண்ட ஏரி என்றே எழுதினார்கள். மேற்குக் கரையோரம் மாம்பலம் கிராமம். பட்டணத்தில் வீட்டுமனைக்கு இடம் போதவில்லை என்று 1920களில் அந்த ஏரியை வற்றவைத்து, மேடாக்கி, மனை பிரித்துப் புது நகர் உண்டாக்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. 1925இல் காலமான அந்தக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பேரை நகருக்கு வைத்தார்கள். அப்போது முதலமைச்சர் பொறுப்பில் இருந்த பனகல் அரசர் பேரில் பூங்கா. அந்தக் காலத் தலைவர்கள் பேரில்தான் உஸ்மான் ரோடும், நடேசன் தெருவும், டாக்டர் நாயர் ரோடும். ஏரிக்கு மிஞ்சினது லேக் வியூ என்ற பேர் மட்டும்.

நான் கேட்டேன்: “ஐயா, அதுக்கு மதகு எங்க இருந்தது? பாசனம் எத்தனை காணி?” அவருக்கும் அது தெரியவில்லை. “இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏரி எங்க இருந்ததுன்னுதான் கேப்பாங்க” என்றார். ஆனால் இன்னொன்று சொன்னார். 2015 டிசம்பர் மழையிலும் 2021 நவம்பர் மழையிலும் அந்தப் பக்கத் தெருக்களில் தண்ணீர் நின்றதாம். மாம்பலம் கால்வாய் என்று ஒன்று இன்றைக்கும் ஓடி அடையாற்றில் கலக்கிறது. “தண்ணிக்கு வழி மறக்கலை. நாமதான் மறந்துட்டோம்” என்றார்.

பகலெல்லாம் நான் ஓடித் திரிந்தது ஏரி வயிற்றுக்குள்தான் என்று நினைத்தபோது தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர் ஏரியிலும் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரையோரமாக மனைக்கல் நட ஆரம்பித்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோதெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. எனக்குத்தான் கிணறு இருக்கிறதே. ஏரி வற்றினால் கிணறு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க மாம்பலம் போக வேண்டியிருந்தது. ஊருக்கு வந்த பிறகு அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

சகோதரிக்கு என் பதில்

1. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்புங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கிருந்து மாம்பலம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் எது என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பஸ்ஸுக்கும் அது கிடையாது.

2. முகவரியையும் இரண்டு போன் நம்பரையும் சீட்டில் எழுதி, ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வையுங்கள். ஒரே ஆளிடம் எல்லாம் இருக்கக் கூடாது. பணமும் அப்படியே.

3. இறங்கினதும் ஓர் இடத்தைக் குறித்து, ‘பிரிந்தால் இங்கே வந்து நில்’ என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் முன்னால் ஓடாமல் அந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஆபத்து என்றால் 112. பெண்கள் உதவிக்கு 181. குழந்தை காணவில்லை என்றால் 1098.

4. வழி கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரே இடத்தில் கடை வைத்திருப்பவர்களையும் சீருடையில் இருப்பவர்களையும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபாருங்கள்.

5. தண்ணீர் குடியுங்கள். கழிவறைக்குப் பயந்து வாயைக் கட்டாதீர்கள்.

6. புறப்படும் முன் நம் பக்கத்து டவுன் கோ-ஆப்டெக்ஸில் ஒருமுறை விலை பார்த்துவிட்டுப் போங்கள். கையில் உள்ள தொகையைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இது சகோதரியின் வீட்டுக்காரருக்கு. மனைவிக்கு உங்கள் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்று இன்றைக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் மாம்பலத்தில் வண்டி ஏறினோம். தாம்பரம் பத்தாவது ஸ்டேஷன். போன் நம்பரும் பத்து எண். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எண் சொல்லிக்கொடுத்தேன். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்தாள். தாம்பரம் வரும்போது தடுமாறாமல் பத்தையும் ஒப்பித்தாள். செஞ்சியில் இறங்கினதும் மீதிப் பணத்தில் அவளுக்கு ஒரு பட்டன் போன் வாங்கினேன். அதில் அவள் முதலில் போட்டது எனக்குத்தான். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். “எங்க இருக்கீங்க?” என்று கேட்டாள்.